தத்து என்றொரு சொல்

திருவாடானை என்னும் ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணத்தை இப்பகுதியில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். வருணனின் மகன் வாருணி. துர்வாச முனிவரின் சினத்துக்கு ஆளாகி, ஆட்டுத் தலையும் யானை உடலுமாக உருமாறுகிறான். ஆடும் ஆனையும் சேர்ந்த அந்த விநோத உயிர் இங்கு வந்து தீர்த்தமாடி ஆதிரத்தினேசுவரரை வழிபட்டுச் சாபம் நீங்கியதால் ஊர் ஆடானை ஆயிற்று. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். அம்மனின் பெயர் சிநேகவல்லி, தமிழில் அன்பாயிரவல்லி. புராணத்தை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எவரும் அருகில் சேர்க்கத் தயங்கும் ஒரு விலங்குக்கு இடம் கொடுத்ததைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது என்பது, சென்ற ஐப்பசியில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

படிவம், சென்னைப் புறநகரில் உள்ள விலங்குக் காப்பகம் ஒன்றினுடையது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இரண்டாண்டுகளாக நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் விலைக்கு வாங்கும் பொசுபொசுப்பான அயல்நாட்டு இனம் எதுவும் வேண்டாம், காப்பகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. திருவாடானை வட்டாரத்தில் அத்தகைய காப்பகம் ஏதுமில்லை. தொண்டிச் சாலையில் ஒரு நடை நடந்தால் பத்து நாய்க்குட்டிகளைப் பொறுக்கி வரலாமே, இதற்காகவா சென்னைக்குப் போவது என்று நான் வாதிட்டுப் பார்த்தேன். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்னை செல்ல நேர்ந்ததால் என் வாதம் வலுவிழந்தது.

நான்கு பக்கப் படிவம். வீடு சொந்தமா வாடகையா, சுற்றுச்சுவர் உண்டா, நாய் இரவில் எங்கே உறங்கும், பகலில் எத்தனை மணி நேரம் தனித்திருக்கும், பணிமாற்றம் வந்தால் என்ன செய்வீர்கள், ஆறாம் மாதத்தில் கருத்தடை செய்யச் சம்மதமா, வீட்டிலுள்ள எல்லோரும் ஒப்புகிறார்களா, ஒப்பியவர்கள் தனித்தனியே கையொப்பம் இடவும். எனக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட என் மாமனார் இத்தனை கேள்விகள் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தின் தலைப்பு, "தத்து ஒப்பந்தம்". அங்கேதான் என் பேனா நின்றது. தமிழ் படித்தவனின் வியாதி. சொல்லைக் கண்டால் நிற்பது.

தத்து என்பதற்குத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் வரும். தாவிச் செல்லுதல் ஒன்று. ஆபத்து, கண்டம் என்பது மற்றொன்று. பிழைத்து எழுந்த குழந்தையைப் பார்த்துத் தத்துத் தப்பியது என்பார்கள். மூன்றாவதுதான் பிள்ளை ஏற்றல். இது வடமொழியின் 'தத்த' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் 'கொடுக்கப்பட்டது'. நாம் இன்று தத்து எடுத்தல் என்று எடுப்பவரை முன்னிறுத்திப் பேசுகிறோம். சொல்லின் வேரோ கொடுப்பவரைச் சுட்டுகிறது. பெற்றவர் மனமுவந்து கொடுத்தால்தான் தத்து. கேட்பாரற்றுக் கிடந்ததை எடுத்து வளர்ப்பதற்குப் பழைய நூல்களில் வேறு பெயர். காப்பகத்து நாய்க்குக் கொடுப்பவர் யார்? அந்தக் காப்பகம் தாயின் இடத்தில் நின்று கொடுக்கிறது என்றால், நான்கு பக்கக் கேள்விகளும் நியாயமானவையே.

தத்து என்றதும் இராமநாதபுரத்தார் நினைவுக்கு வரவேண்டியது வேறொன்று. இந்திய வழக்கறிஞர்கள் இன்றும் 'இராமநாதபுரம் வழக்கு' என்று குறிப்பிடும் தீர்ப்பு 1868-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் சொல்லப்பட்டது. சேதுபதி ஜமீனின் இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் கைம்பெண். ஆண் வாரிசு இல்லை. கணவர் உயிரோடு இருந்தபோது தத்தெடுக்க அனுமதி கொடுத்துச் சென்றதற்கு ஆதாரம் போதவில்லை. ஆயினும் அவர் முத்துராமலிங்கம் என்னும் சிறுவனைத் தத்தெடுத்தார். அனுமதியில்லாத தத்து செல்லாது, வாரிசற்ற ஜமீன் அரசாங்கத்துக்கே சேரும் என்றது மதுரைக் கலெக்டர் தரப்பு. இராமநாதபுரம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1910-இல். வழக்கு கடல் கடந்தது. தென்னாட்டு வழக்கப்படி, கணவனின் அனுமதி இல்லையென்றாலும் அவன் பங்காளிகளின் ஒப்புதல் இருந்தால் கைம்பெண் தத்தெடுக்கலாம். தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் எழுதிய சாத்திரத்தைவிட வலியது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் வெறும் சட்டச் செய்தியாகப் படிப்பதில்லை. அத்தத்து செல்லாது என்று ஆகியிருந்தால் நம் இலக்கிய வரலாறு எப்படி ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தத்து வந்த முத்துராமலிங்க சேதுபதியின் தமையனார் பொன்னுசாமித் தேவர். ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குப் பொருளுதவி புரிந்தவர். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைக் கண்டவர். முத்துராமலிங்க சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் 1893-இல் சிகாகோ செல்லத் துணைநின்றவர். ஒரு சிறுவனை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்ததில் இத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தன.

மன்னர் குலத்துச் சடங்கு அது. எளியவர்களிடம் இருந்தது வேறொரு முறை. பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்துகொண்டிருந்தால், அடுத்த குழந்தையைக் குப்பையில் ஒருமுறை புரட்டி எடுத்து, அண்டை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டுக்கு விலைபேசித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மதிப்பில்லாத பொருள் இது என்று எமனை ஏமாற்றும் தந்திரம். குப்பன், குப்பாயி, பிச்சை, தவிடன் என்னும் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான். நானே சிறுவயதில் அழுது அடம்பிடிக்கும்போதெல்லாம் 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்ற கேலியைக் கேட்டு விசும்பியிருக்கிறேன். அகராதியில் தொடர்பற்று நிற்கும் இரண்டு தத்துக்களும், கண்டமும் பிள்ளை ஏற்றலும், இந்தச் சடங்கில் ஒன்றாகிவிடுகின்றன.

நாய்க்கு இச்சொல் பொருந்துமா? பொருந்தாது என்று சொல்பவர்கள் நம் மரபு நாயை இழிவாகவே கண்டது என்பார்கள். முழு உண்மையன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. ஆநிரை காக்கும் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். வீரனின் பின்னே ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்வெட்டு அதை வெறும் நாய் என்று விட்டுவிடவில்லை. கோவிவன் என்று பெயர் சொல்லி, அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் பதிவு செய்கிறது. அக்காலத்தில் வாழ்ந்து மடிந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. கோவிவனின் பெயர் தெரியும். நாலடியாரோ, யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது. பழகிய பாகனையே யானை கொல்லும். தன்மேல் எறிந்த வேல் உடலில் இருக்கவும் நாய் வாலாட்டும் என்பது அது காட்டும் காரணம்.

இவற்றையெல்லாம்விட என் மாவட்டத்துக்கு நெருக்கமானது திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பம். உத்தரகோசமங்கையில் பாடப்பட்டதாக மரபு. திருவாடானைக்குத் தென்மேற்கே, இதே மாவட்டத்தில் இருக்கும் தலம். ஐம்பது பாடல்கள். நீத்தல் என்றால் கைவிடுதல். ஏற்றுக்கொண்ட தன்னைப் பாதியில் விட்டுவிடாதே என்று ஆண்டவனிடம் ஐம்பது முறை மன்றாடும் விண்ணப்பம் அது. திருவாசகம் முழுவதும் மணிவாசகர் தம்மை நாயேன் என்றே அழைத்துக்கொள்கிறார். வகுப்பில் இதைத் 'தாழ்ச்சி நவிற்சி' என்று சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. கைவிடப்படுவதற்கு அஞ்சும் ஓருயிர் தன்னை நாய் என்று சொல்லிக்கொள்வதில் வெறும் தாழ்ச்சி மட்டும்தானா இருக்கிறது? நாயைக் கைவிடுதல் என்னும் செயல் ஊரில் அன்றாடம் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

எனக்கு அது கண்ணில் பட்டது மட்டுமன்று, கையாலும் செய்திருக்கிறேன்.

1990 என்று நினைக்கிறேன். எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு அப்போது கண்மாய்க்கரையை ஒட்டிய சிற்றூரில் இருந்தது. வாசலில் ஒரு பெட்டை நாய் கிடக்கும். எங்களுடையது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய சோற்றில் மிஞ்சியது அதற்கு. இரவில் குரைப்பது அதன் கடன். வைக்கோற்போரின் அடியில் அது ஐந்து குட்டி ஈன்றது. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும், கிடை போட வந்திருந்த கீதாரி ஒருவர் இரண்டு கடுவன்களையும் எடுத்துக்கொண்டார். இராமநாதபுரத்து ஆட்டுக் கிடைகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு நாயின் தேவை புரியும். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடுகளை இரவில் மறித்து வைப்பார்கள். நரிக்கும் திருடனுக்கும் காவல் நாய்தான். இம்மண்ணின் மந்தை நாய் என்றோர் இனத்தின் பெயரே நாய் வளர்ப்போரிடம் வழங்குகிறது. சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த நாடோடி வாழ்வு அந்நியமாக இராது. ஆனால் எந்தக் கீதாரியும் பெட்டைக்குட்டி எடுக்கமாட்டார்.

"பொட்டைக்குட்டிய வச்சுக்கிட்டு என்னய்யா செய்யிறது? வருசத்துக்கு ரெண்டு ஈத்துப் போடும். கண்மாய்க்கு அங்கிட்டு விட்டுட்டு வாங்கப்பா" என்றார் அப்பத்தா. கோபத்தில் சொல்லவில்லை. வெந்நீர் அடுப்பில் சுள்ளி தள்ளிக்கொண்டே, உப்பு வாங்கி வரச் சொல்லும் குரலில் சொன்னார். நானும் சித்தப்பா மகனும் மூன்று குட்டிகளையும் உரச்சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் கண்மாய்க்கு மறுகரையில் கருவேலங்காட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தோம். மூன்றாம் நாள் காலையில் தாய் நாய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் நின்றது. மற்ற இரண்டும் என்ன ஆயின என்பதைக் கேட்க யாருமில்லை. கவ்வி வந்ததையும் மறுநாள் கொண்டுபோனோம். இம்முறை தேவகோட்டைச் சாலையில் வெகுதூரம், சைக்கிளில்.

அப்பத்தாவைக் கொடியவர் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் சித்தப்பாவை ஒரு வெறிநாய் கடித்திருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள். நாள்தோறும் பேருந்து பிடித்துப் போய்ப் போட்டுக்கொண்டு வயிறு கன்றிப்போய்த் திரும்புவார். அந்த ஊசிக்கும் ஒரு வரலாறு உண்டு. பாஸ்டர் 1885-இல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநாய்த் தடுப்பூசி செலுத்தினார். 1902-இல் லில்லி பேக்கனம் வால்ஷ் என்னும் இளம்பெண் தென்னிந்தியாவில் இந்நோயால் இறந்தது பெரும் அதிர்ச்சியை உண்டாக்க, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நிதியின் துணையோடு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. கசௌலி நிலையத்தில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய முறைப்படி, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்துதான் பல தலைமுறைகளுக்கு இந்தியர் வயிற்றில் ஏறியது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது நாடெங்கும் கைவிடப்பட்டது. இன்று கையிலே நான்கு தவணையில் முடிந்துவிடுகிறது. ஆனால் நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது என்பது அன்றும் இல்லை, ஏறத்தாழ இன்றும் இல்லை. பெட்டைக்குட்டியைச் சாக்கில் கட்டச் சொன்ன கைக்குப் பின்னே இந்த அச்சம் இருந்தது. அப்படிக் காட்டில் விடப்பட்ட குட்டிகளில் பிழைத்தவைதாம் தடுப்பூசி அறியாத கூட்டமாகப் பெருகி, கிடைக்குள் புகுந்து ஆட்டைக் குதறி, மறுபடி யார் வயிற்றிலோ ஊசி ஏறக் காரணமாகும் என்பதை அன்று எவரும் யோசிக்கவில்லை.

ஊர் சாக்கில் கட்டியதை நகரம் வண்டியில் ஏற்றியது. வெள்ளையர் ஆட்சிக்கு நாய்களைப் பொறுத்தவரை ஒரே விடைதான் இருந்தது. பம்பாயில் கோடைக்காலத்தில் தெருநாய்களைக் கொல்ல ஆணை. கொன்றவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. கூலிக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு வாசலில் படுத்திருந்தவற்றையும் அடித்தார்கள். 1832 ஜூன் 6 அன்று, பார்சிகளுக்குப் புனித நாள். நாயைத் தூய உயிராகக் கருதுபவர்கள் அவர்கள். இறந்தவர் உடலை நாயின் பார்வைக்குக் காட்டும் சடங்கு உடையவர்கள். கோட்டைப் பகுதியில் கலகம் மூண்டது, கடைகள் அடைபட்டன, படை வரவேண்டியதாயிற்று. இரண்டாண்டு கழித்து, 1834-இல், ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சிச் செல்வரும் அமிசந்த் ஷா என்னும் வணிகரும் சேர்ந்து பம்பாயில் பாஞ்சராபோல் அமைத்தார்கள். வயதான பசுவுக்கும் நொண்டிக் குதிரைக்கும் நாய்க்கும் சாகும்வரை சோறு போடும் இடம். இங்கிலாந்தில் மேரி டீல்பி என்னும் பெண்மணி 1860-இல் இலண்டன் ஹாலோவேயில் நாய்களுக்கென ஓர் இல்லம் தொடங்கியதற்கு இது 26 ஆண்டு முந்தையது.

வேறுபாடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாஞ்சராபோலுக்குள் சென்ற விலங்கு வெளியே வருவதில்லை. அது ஒரு முதியோர் இல்லம். டீல்பியின் இல்லம் தொலைந்த நாயை உரியவரிடம் சேர்க்கவும், உரியவர் வராவிட்டால் புதிய வீட்டுக்கு அனுப்பவும் முயன்றது. பட்டினி கிடக்கும் மனிதர் இருக்க நாய்க்கு இல்லமா என்று இலண்டன் இதழ்கள் அந்த அம்மையாரைக் கேலி செய்தன. 1862-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழில், இஸ்லிங்டனில் நடந்த பகட்டான நாய்க் கண்காட்சியையும் இந்த ஏழை இல்லத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் கட்டுரை வெளிவந்தபின் கேலி தணிந்தது. 1871-இல் பாட்டர்ஸீக்கு இடம்பெயர்ந்த அவ்வில்லம் இன்றும் இயங்குகிறது. நான் கையொப்பமிட்ட நான்கு பக்கங்களின் கொள்ளுப்பாட்டி மேரி டீல்பிதான்.

சென்னைக்கு வருவோம். மாநகராட்சி 1860 வாக்கில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒன்று என்றிருந்தது, 1995-இல் நாளொன்றுக்கு 135 ஆயிற்று என்று புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். பிடித்தவற்றை ஈரமாக்கி இரும்புக் கூண்டில் அடைத்து மின்சாரம் பாய்ச்சுவது வழக்கம். நாய்த்தோல் அவ்வளவு குவிந்ததால், 1970-களில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்ய வடிவங்கள் வகுத்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். நூற்று முப்பதாண்டுக் கொலைக்குப் பிறகும் நாய்கள் குறையவில்லை. கொன்ற இடம் காலியாக, குப்பை இருக்கும் வரையில் அங்கே புதியவை வந்து சேர்ந்துகொண்டே இருந்தன.

புளூ கிராஸின் தொடக்கம் ஒரு மழைநாள். கேப்டன் சுந்தரம், உஷா சுந்தரம் இருவரும் விமான ஓட்டிகள். 1951-இல் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து பெயர் பெற்ற இணையர். 1959-இல் வெள்ளம் சூழ்ந்த தெருவில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்ததே அமைப்புக்கு வித்தானது என்பது அவர்கள் குடும்பத்தார் சொல்லும் வரலாறு. சின்னி கிருஷ்ணா அவர்களுடைய மகன். பிடித்துக் கொல்வதற்குப் பதில், பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964-இலேயே அவர்கள் மாநகராட்சியிடம் கேட்டார்கள். மாநகராட்சி இசைந்தது 1996-இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! 2001-இல் அம்முறை நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023-இல் திருத்தி எழுதப்பட்டது.

இதற்கு இணையாக இன்னொரு சரடும் சென்னையிலேயே ஓடியது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் 1953-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்திலும் தெருநாயைக் கொல்வது வதையாகாது என்று ஒரு விலக்கு இருந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் 2018-இல் அரியானாவுக்குப் பெயர்க்கப்படும் வரை சென்னையில்தான் இருந்தது. பரதத்தை மீட்டவர் என்று அவரைக் கொண்டாடும் கட்டுரைகள் ஏராளம். இதைப் பேசுபவை மிகச் சில.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நடந்தவற்றை வாசகர்கள் செய்தித்தாள்களில் பின்தொடர்ந்திருப்பீர்கள். 11-ஆம் நாள், தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க ஆணை. 22-ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. ஊசி போட்டுக் கருத்தடை செய்தவற்றை எடுத்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக என்றது. அதே ஆணையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அகற்றியவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் மற்றோர் ஆணை வந்தது. கடிபட்ட குழந்தையின் தாய்க்கும் நாய்க்குச் சோறிடும் பெண்ணுக்கும் இடையே தொலைக்காட்சிகளில் நடந்த கூச்சலில் எனக்கு எந்தப் பக்கமும் சேர மனமில்லை. சித்தப்பாவின் வயிற்றையும் சாக்குமூட்டையையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பவன் நான். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவு. இலட்சக்கணக்கான நாய்களை அடைக்கக் காப்பகம் கட்டுவது நம் ஊராட்சிகளால் ஆகாத காரியம். ஆகுமென்றே வைத்துக்கொண்டாலும், உள்ளே போனது வெளியே வராத காப்பகம் பெருஞ்செலவிலான உரச்சாக்குதான்.

அந்தக் காப்பகத்தில் கூண்டுகளின் வரிசையில் நடந்தபோது மகள்தான் முதலில் கவனித்தாள். "எல்லாமே பொண்ணாவே இருக்கேப்பா?" அழைத்துச் சென்ற பணியாளர் சொன்னார்: அயல்நாட்டு இனம் வந்தால் அன்றைக்கே ஆள் வந்துவிடும், நாட்டுநாயில் கடுவன் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும், நாட்டுநாய், அதிலும் பெட்டை என்றால் இங்கேயே வளர்ந்து இங்கேயே கிழடாகிவிடும். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அரசு ஏற்ற இனங்களாகப் பதிவு பெற்றுவிட்டன. இராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். பெயரில்லாத நாட்டு நாய்க்குப் பதிவேடு இல்லை. ஏழாவது கூண்டில் தவிட்டு நிறத்தில், நான்கு மாதக் குட்டி ஒன்று, எழுந்து வராமல் படுத்தபடியே எங்களைப் பார்த்தது. மழைக்காலத்தில் சாலையோரம் பையொன்றில் கட்டிக் கிடந்த குட்டிகளில் பிழைத்தது அது ஒன்றுதானாம். பணியாளர் இதைச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்புதல் பகுதியில் மனைவி கையொப்பமிட்டாள். மகளும் இட்டாள். நான்காவது நபர் என் அம்மா, வயது எழுபத்தைந்து, திருவாடானையில் இருந்தார். அவருடைய ஒப்புதல் இல்லாமல் நாய் தர முடியாது என்றார்கள். ஆகவே அன்று வெறுங்கையோடு ஊர் திரும்பினோம். பங்காளிகளின் ஒப்புதல் இன்றித் தத்து செல்லாது. பிரிவி கவுன்சில் தீர்ப்பு அப்படியே பொருந்தி வந்ததில் எனக்குச் சிரிப்புத்தான். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் படிவத்தை நீட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடுவனா, பொட்டையா?"

"பொட்டைம்மா."

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வைக்கப்போர் நாய் உங்க அப்பத்தா செத்த வருசம் வரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் அது வீட்டுப் பக்கம் குட்டி போடவே இல்ல, தெரியுமா? எங்க போய்ப் போட்டுச்சோ" என்றார். எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த நாயைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை. அம்மா பேனாவை வாங்கி, பள்ளியில் கற்ற அதே குண்டு எழுத்தில் தம் பெயரை எழுதினார்.

பெயர் வைப்பதில் சிறு பூசல். மகள் சிநேகா என்றாள். அம்மன் பெயரை நாய்க்கு வைப்பதா என்று எதிர்வீட்டு அக்கா முகம் சுளித்தார். சிநேகவல்லி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளக் கூடியவள் அல்லள் என்பது என் எண்ணம். ஆயினும் தெருவில் வாழ வேண்டுமே. இறுதியில் அம்மாதான் தீர்த்துவைத்தார். இப்போது தவிடு என்று கூப்பிட்டால் வருகிறது. வாசலில் படுப்பதில்லை, கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது. கருத்தடை அறுவைக்குத் தை மாதம் கால்நடை மருத்துவரிடம் நாள் குறித்திருக்கிறது. சாக்குப்பை எதையாவது உதறும் ஓசை கேட்டால் மட்டும் இன்னமும் எழுந்து போய்ப் பின்கட்டில் நின்றுகொள்கிறது. ரேஷன் அரிசி வாங்கி வரும் நாட்களில் நான் பையைத் திண்ணையிலேயே பிரித்துக் கொட்டிவிட்டு, மடித்து வைத்தபின் உள்ளே வருகிறேன்.